மறுபடி மேடம் மார்க் போட மாட்டார்

பெங்களூரில் ட்ராஃபிக்கைவிட மெதுவாக நகர்ந்த ஒன்று உண்டென்றால் அது மறுபடி மேடத்தின் ரிப்போர்ட்தான். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது என்னிடம் மிச்சமிருப்பது ரத்த அழுத்தம் மட்டும்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் முன்பாதியில் எங்கள் கிளினிக் இருந்தது. பேச்சு சரியாக வராத குழந்தைகளைச் சோதித்துப் பார்த்துப் பயிற்சி கொடுக்கும் இடம். நான் அங்கே மேனேஜர். போன் எடுப்பது, அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, தண்ணீர் கேன்காரரோடு சண்டை போடுவது எல்லாம் என் இலாகா. மேடம் ஸ்பீச் தெரபிஸ்ட். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, கதவில் பலகையிலும் எழுதியிருந்தது. ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும், பெற்றோரிடம், "மறுபடி ஒருவாட்டி பாக்கலாம்" என்பார். அவர்கள் மறுபடி வருவார்கள். மறுபடியும் அதையே சொல்வார். பெயர் எப்படி வந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஒல்லியான உருவம், காட்டன் புடவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. தோளில் ஒரு பை. அந்தப் பைக்குள் கரண்டி, சப்பாத்திக் கட்டை, ஆட்டோவில் கழற்றிய ரப்பர் ஹாரன், தக்காளி எல்லாம் இருக்கும். படத்தில் இருக்கும் தக்காளியைவிட நிஜத் தக்காளியைப் பார்த்தால்தான் குழந்தைக்குப் பேச்சு வருமாம். ஒரு முறை தக்காளியைக் கிளினிக்கிலேயே மறந்துவிட்டு லீவில் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எலி செத்துவிட்டது என்று நான் பரண்மேல் ஏறித் தேடிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சோதனைப் புத்தகம் இருந்தது. அதன் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். பக்கத்துக்குப் பக்கம் படம். படத்தைக் காட்டி இங்கிலீஷில் கேட்க வேண்டும், குழந்தை இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும், சரியும் தப்பும் போட்டுக் கூட்டினால் மார்க் வந்துவிடும். மற்ற தெரபிஸ்டுகள் காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். மேடம் மூன்றாவது படத்திலேயே நின்றுவிடுவார். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருவார்.

"பாஸ்கர், இது என்ன?"

பார்த்தேன். ஒரு ஆள் குனிந்து வெள்ளையாக எதையோ வாரிக்கொண்டிருந்தான். "சுண்ணாம்பு அள்றான் மேடம்."

"பனி அள்றான். சரி, இது?"

சுவரில் ஒரு பொந்து, உள்ளே நெருப்பு, மேலே வரிசையாகச் சாக்ஸ். "வீடு தீப்பிடிச்சிருக்கு. அதுலயும் எவனோ துணி காயப் போட்டிருக்கான்."

"குளிர்காயற அடுப்பு, கிறிஸ்துமஸ் சாக்ஸ். உங்க வயசு என்ன?"

"அம்பத்தாறு."

"இது அஞ்சு வயசுக் குழந்தைக்குத் தெரியணுமாம்" என்று சொல்லிவிட்டு, கூரியர் கொண்டுவந்தவரைப் பிடித்துக்கொள்வார். அவரை விட்டால் காத்திருக்கும் அப்பாக்கள். ஒரு அப்பா, ஐடி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர், மூன்று படத்தில் தோற்றுப்போய், "எனக்கும் ட்ரீட்மென்ட் வேணுமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். குழந்தையைக் காட்ட வந்தவர் பீதியோடு வீட்டுக்குப் போனார். அவருக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான்.

விஷயம் முதலாளி டாக்டர் காதுக்குப் போயிற்று. டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனிதர், ஆனால் நேரம் என்றால் நேரம். மேடத்தைக் கூப்பிட்டார். "டெஸ்ட்னா டெஸ்ட்தானுங்க மேடம். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவுகோல். அதுதானுங்களே நியாயம்?"

"கரெக்ட் டாக்டர்" என்றார் மேடம். அவர் ஒரு விஷயத்தை உடனே ஒப்புக்கொண்டால் அதற்குப் பின்னால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் அதே மாதிரி ஒரு சோதனையைக் கன்னடத்தில் தயார் செய்துகொண்டு வந்தார். டாக்டரைக் குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் பெங்களூருக்கு வந்து எத்தனையோ வருஷம், ஆனாலும் அவருடைய கன்னடம் 'தெரியாது' என்கிற "கொத்தில்ல"வில் ஆரம்பித்து "கொத்தில்ல"விலேயே முடிந்துவிடும். மேடம் சிரிக்காமல் கேட்டார், சிரிக்காமல் குறித்தார், சிரிக்காமல் கூட்டினார்.

"நாலு வயசுக்குக் கீழ வருது டாக்டர். கவலைப்படாதீங்க. வாரம் ரெண்டு செஷன் வந்தா தேறிடுவீங்க."

சாயங்காலம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாஸ்கர், அந்தப் பேப்பர் எங்கீங்க?" என்றார்.

"பேஷன்ட் ஃபைல்ல போட்டுட்டாங்க சார்."

அதற்குப் பிறகு அளவுகோல் பற்றி அவர் பேசவில்லை. பேச்செல்லாம் என்னிடம்தான். "அந்தம்மாகிட்ட ரிப்போர்ட் வாங்கறது உங்க பொறுப்புங்க" என்று சொல்லிவிட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டதாகவாவது சொல்வார்கள். எங்கள் ஆபீசில் கூட்டம்கூடப் போடவில்லை.

நாற்காலிக் கூத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை யாரிடம் எந்த பாஷை பேசுகிறது என்று தெரியாமல் சோதனை செய்யக் கூடாது என்பது மேடத்தின் கொள்கை. காக்ஸ் டவுன் பக்கத்தில் வீட்டில் தமிழ், கீழ்வீட்டில் கன்னடம், எதிர்வீட்டுப் பையன்களோடு உருது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று ஒரு குழந்தை ஒரே நாளில் நாலு கடை நடத்தும். அதனால் மேடம் வரவேற்பறை நாற்காலிகளை எல்லாம் உள்ளே இழுத்துப் போடுவார். ஒரு நாற்காலி அம்மா, ஒன்று பக்கத்து வீடு, ஒன்று கடைக்காரர். நாற்காலியில் உட்கார ஆள் வேண்டாமா? நான்தான் இருக்கிறேனே. எனக்கு நிரந்தர வேஷம் ஹவுஸ் ஓனர் ஆண்ட்டி. குழந்தைகள் என் முன்னால் வந்து நின்று, "ஆண்ட்டி, நீரு பந்த்தா?" என்று தண்ணீர் வந்துவிட்டதா என விசாரிக்கும். வெளியே போன் அடித்துக்கொண்டே இருக்கும். மீசை வைத்த நான் ஆண்ட்டி குரலில் "இன்னூ இல்லா" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். என் சர்வீஸில் இதற்கு ஒரு இன்க்ரிமென்ட்கூடக் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் தர்ஷினி வந்தாள்.

தர்ஷினிக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் தர்மபுரிப் பக்கம். முன்பு பொம்மசந்திராவில் இருந்தார்கள். அம்மா சுமதி அங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும் எங்கள் பக்கத்துக்குக் குடிவந்து, மகளைப் பெரிய கேட் போட்ட பெரிய பள்ளிக்கூடத்தில் யூகேஜி சேர்த்தார்கள். அங்கிருந்துதான் சிக்கல். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் கேள்வியையே திருப்பிச் சொல்கிறாள், குழந்தைக்கு எதுவும் புரியவில்லை என்று பள்ளிக்கூடம் சொன்னது. வேறொரு சென்டரில் இங்கிலீஷில் சோதித்து, மார்க் தரையைத் தொட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ரிப்போர்ட்டும் அதையே சொன்னால் ஒன்றாம் வகுப்பில் இடமில்லை, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசிக்குள் ரிப்போர்ட் வேண்டும். யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள்.

முதல் நாள் நானும் அறையில் இருந்தேன், வழக்கம்போல ஆண்ட்டியாக. மேடம் இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

தர்ஷினி சட்டென்று எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். கணீரென்று, "வாட் இஸ் யுவர் நேம்" என்றாள்.

"ஹவ் ஓல்ட் ஆர் யூ?"

"ஹவ் ஓல்ட் ஆர் யூ."

மேடம் தமிழுக்கு மாறினார். "கண்ணு, காலைல என்ன சாப்ட்ட?" தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். சுமதி பதறிப்போய்த் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஏன்மா தடுக்கறீங்க?" என்றார் மேடம்.

"வீட்ல தமிழே பேசக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க மேடம். தமிழ் பேசறதாலதான் இங்கிலீஷ் ஏற மாட்டேங்குதாம். இங்கிலீஷ்லதான் பேசணும்னாங்க."

"பேசறீங்களா?"

சுமதி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் மேடம். கம், ஈட், பாத், ஸ்லீப். வேற என்ன பேசறதுன்னு தெரியாம கம்முனு இருந்துடறேன். அவங்கப்பாவும் அப்டித்தான். எங்களுக்குள்ள சண்டை போடணும்னாகூட, அவ காதுல தமிழ் விழக் கூடாதுன்னு மொட்டை மாடிக்குப் போய்த்தான் போட்டுட்டு வரோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று பையில் இருந்த ஹாரனை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பேசாமல் உள்ளே வைத்தார். "மறுபடி பாக்கலாம்மா" என்றார்.

மறுபடி பார்த்தார். அதே நிற்றல், அதே கைகட்டல், அதே எதிரொலி. நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "மேடம், எல்லாம் தெளிவாத்தானே இருக்கு. அந்த சென்டர்காரங்க சொன்னதேதான். ஒரு மார்க்கைப் போட்டு விடுங்களேன்."

"தெளிவா இல்ல பாஸ்கர். வியாதின்னா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வரும். இவ இங்கிலீஷுக்கு மட்டும் எழுந்து நிக்கறா. திருப்பிச் சொன்னப்புறம் என் மூஞ்சையே பாத்துட்டு நிக்கறா. எதுக்கோ காத்துட்டிருக்கா."

"எதுக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட உக்காந்து பேசிட்டிருக்கேன்?"

பள்ளிக்கூடத்திலிருந்து கோஆர்டினேட்டர் அம்மா தினமும் போன். நானும் தினமும் ஒரு பொய். பிரிண்டர் கெட்டுவிட்டது, நெட் வரவில்லை, கடைசியில் மேடத்துக்குக் காய்ச்சல். இந்தக் கடைசிப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மேடம் பின்னாலிருந்து போனைப் பிடுங்கி, "எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. ரிப்போர்ட் எழுதல, அவ்ளோதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்படிப்பட்டவரைக் காப்பாற்ற நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசி வாரத்தில் ஒரு காலை, மேடம் பையோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார். "கிளம்புங்க. பொம்மசந்திரா போறோம். அவ முன்னாடி படிச்ச நர்சரியைப் பாக்கணும்."

"இன்னிக்கி பன்னெண்டு அப்பாயின்ட்மென்ட் மேடம்."

"மாத்தியாச்சு. அங்க எனக்கு ஆள் வேணும்."

மெட்ரோவில் போகலாமே என்றேன். மெட்ரோவில் குழந்தைகள் பேசுவதில்லை, போன் பார்க்கிறார்கள், பஸ்ஸில்தான் பேசுவார்கள் என்றார். ஊரான் வீட்டுக் குழந்தைகள் பேசுவதை ஒட்டுக் கேட்பது அவருடைய பொழுதுபோக்கு. சில்க் போர்டு சிக்னலில் பஸ் வேர் விட்டு நின்றது. முன் சீட்டில் ஒரு குழந்தை அம்மாவிடம் கன்னடத்தில் சிப்ஸ் கேட்டு, கிடைக்காமல், தமிழில் அழுதது. மேடம் பரவசத்தோடு என் முழங்கையில் இடித்தார். வெயிலில் வெந்துகொண்டிருந்த எனக்கும் தமிழில்தான் அழுகை வந்தது.

நர்சரி, கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஷீட் போட்ட ஒரே ஹால். அதற்குள் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா, இந்தி என்று எல்லா வீட்டுக் குழந்தைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு மிஸ். பாவம், தொண்டை கட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"தர்ஷினியா? அவதான் மேடம் எங்க லீடர். எது சொன்னாலும் ஒரு எழுத்து விட மாட்டா. முன்னாடி நிக்க வெச்சு சொல்ல வெப்பேன். ஆண்டு விழாவுல கப்பு குடுத்தோம். இருங்க, எங்க இங்கிலீஷ் கிளாஸ் பாருங்க."

மிஸ் கையைத் தட்டினார். அத்தனை குழந்தைகளும் எழுந்து நின்றன. அத்தனையும் மார்புக்குக் குறுக்கே கை கட்டின.

"வாட் இஸ் யுவர் நேம்" என்றார் மிஸ்.

"வாட் இஸ் யுவர் நேம்" என்று ஷீட் அதிர்ந்தது.

"மை நேம் இஸ் சீதா."

"மை நேம் இஸ் சீதா." ஒடியா வீட்டுப் பையன்கள் உட்பட அங்கே எல்லாருமே சீதா. சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வரிக்காக மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேடம் என் தோளைப் பிடித்து அழுத்தினார். நகம் பதிந்தது. "பாஸ்கர், அடுத்த வரி. அவ அடுத்த வரிக்குக் காத்துட்டிருந்தா."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கோஆர்டினேட்டர் அம்மா. எடுத்து, "ஹலோ" என்றேன்.

"ஹலோ" என்றது ஹால் முழுவதும்.

"ஒன் மினிட் மேடம்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"ஒன் மினிட் மேடம்."

"சாரி."

"சாரி."

"சார், எங்க இருக்கீங்க? லைன்ல ஒரே எக்கோ" என்றது போன். மேடம் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"எக்கோ இல்லீங்க. நர்சரிக் குழந்தைங்க. நீங்களே ஏதாவது கேளுங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷம், குழந்தைகள் என்றதும் குரல் மாறி, "குட் மார்னிங் சில்ட்ரன், ஹவ் ஆர் யூ?" என்றார்.

"குட் மார்னிங் சில்ட்ரன், ஹவ் ஆர் யூ."



"தர்ஷினி இங்கதான் படிச்சா" என்றார் மேடம். "இங்கிலீஷ்னா எழுந்து நின்னு, கை கட்டி, கேட்டதைக் கேட்டபடி சொல்லணும். அதுல அவதான் ஃபர்ஸ்ட். கப்பு வாங்கியிருக்கா. உங்ககிட்ட வந்தும் அதையேதான் இன்னும் ஒழுங்கா செஞ்சிருக்கா. நாம அதுக்கு முட்டை போட்டோம். இங்க இருக்கற எல்லாருக்கும் அந்த வியாதிதான்னா ஒரு பஸ் அனுப்புங்க, ஏத்தி விடறோம்."

"ஐ வில் கால் யூ லேட்டர்" என்றார் கோஆர்டினேட்டர்.

"ஐ வில் கால் யூ லேட்டர்" என்று குழந்தைகள் வழியனுப்பி வைத்தன.

மிஸ் பயந்துவிட்டார். "நான் தப்பா சொல்லித் தந்துட்டேனா மேடம்?"

"இல்லம்மா. இத்தனை பாஷைக் குழந்தைங்கள ஒத்த ஆளா வெச்சிருக்கீங்க. எல்லாரும் சேந்து செய்யற மாதிரி ஒண்ணு வேணுமில்ல. நானா இருந்தா ரெண்டாம் நாளே ஓடியிருப்பேன்" என்றார் மேடம். பையிலிருந்த தக்காளி, கரண்டி, ஹாரன் எல்லாவற்றையும் மிஸ்ஸிடமே கொடுத்தார். ஹாரன் போனதில் எனக்குப் பெரிய நிம்மதி.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் உற்சாகமாக இருந்தேன். "முடிஞ்சுது இல்ல மேடம்? நாளைக்கி எழுதிடலாம்."

"ஏன் திருப்பிச் சொல்றான்னுதானே தெரிஞ்சுது. அவளுக்குப் பேச வருதான்னு இன்னும் தெரியலையே. ஒருவேளை நிஜமாவே கஷ்டம் இருந்து, அதையும் நாம விட்டுட்டா? ஸ்பெஷல் ஸ்கூல் ஒண்ணும் கெட்ட இடமில்ல பாஸ்கர். வேணுங்கற குழந்தைக்கு அது சாமி மாதிரி. வேண்டாத குழந்தைய அங்க தள்றதும் தப்பு, வேணுங்கற குழந்தைய தடுக்கறதும் தப்பு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறுபடி பாக்கணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சில்க் போர்டு வரும்வரை திறக்கவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் சுமதியையும் அவர் கணவர் முருகேசனையும் வரச் சொன்னார். முருகேசன் கம்பெனி யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். தர்ஷினி ஒரு மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆண்ட்டி நாற்காலியில்.

"தமிழ்ல பேசுங்க. நான் சொல்றேன், ஸ்கூலுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார் மேடம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. "என்ன பேசறது மேடம்?" என்றார் முருகேசன்.

"மொட்டை மாடில என்ன சண்டை போடறீங்களோ, அதை இங்க போடுங்க."

"இங்கயா?"

"இவரு ஹவுஸ் ஓனர் ஆண்ட்டிதான். தப்பா எடுத்துக்க மாட்டாரு."

சுமதிதான் தொடங்கினார், மெதுவாக. "அன்னிக்கி மோட்டாரை நிறுத்தாம டேங்க் வழிஞ்சுதே. அதுக்குக் கீழ்வீட்டு அம்மா என்னைத்தான் திட்டுச்சு."

"நீ நிறுத்தியிருக்கலாமில்ல?"

"போட்டது யாருங்க?"

"போட்டா? வீட்ல இருந்தது யாரு?"

அவ்வளவுதான், சூடு பிடித்துவிட்டது. நாங்கள் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். முருகேசன் குரல் ஏறியது, சுமதி அதற்கு மேலே ஏறினார். நான் எழுந்து கதவைச் சாத்தலாமா என்று யோசித்தபோது, மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க. மாடிலயும் இதையேதான் சொன்னீங்க."

தர்ஷினி கட்டைகளை விட்டுவிட்டு நடுவில் வந்து நின்றாள். கை கட்டவில்லை. இடுப்பில் வைத்திருந்தாள்.

"அப்பாதான் மோட்டார் போட்டுச்சு. அப்பறம் ஃபோன் வந்துச்சு, பேசிக்கினே கீழ போயிடுச்சு. அம்மா நிறுத்தலாம்னுதான் எந்திரிச்சுச்சு. ஆனா குக்கரு விசிலு அடிச்சுச்சு, பருப்பு தீஞ்சிடும்னு உள்ள ஓடிடுச்சு. நான் நிறுத்தலாம்னு ஸ்டூலு போட்டேன். எட்டல. நான் கூப்டேன், நீ 'ஷ்'னு சொல்லிட்ட. தமிழ்ல கூப்டேன்ல, அதான்."

மேடத்தின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. யார், எப்போது, ஏன், அதனால் என்ன ஆயிற்று என்று ஒரு வக்கீலைப்போல அந்தக் குழந்தை சொல்லி முடித்துவிட்டது.

"மாடில நாங்க பேசனது உனக்கு எப்டிடி தெரியும்?" என்றார் சுமதி.

"நீங்க மேல போனா நான் படில உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"நீ பேசறத கேக்க." பிறகு, கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை, சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். "அப்பாகிட்டதான பேசற. என்கிட்டதான் பேச மாட்டியே."

மேடத்தின் பேனா நின்றது. சுமதி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பேசறேன்டி சாமி, பேசறேன்டி தங்கம், இனிமே எல்லாம் பேசறேன்" என்று என்னென்னவோ சொல்லி அழுதார். முருகேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் எடுத்துவரப் போனேன். கூலரின் முன்னால் நின்று மூக்கைச் சிந்தியதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது மேடம், "முடிஞ்சுது பாஸ்கர்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன்.

ரிப்போர்ட் மறுநாள் காலையில் என் மேஜையில் இருந்தது. தர்ஷினி தமிழில் என்னவெல்லாம் பேசுகிறாள், கன்னடத்தில் எவ்வளவு, இங்கிலீஷில் எங்கே நிற்கிறாள், ஏன் நிற்கிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வீட்டில் மனம்போலத் தமிழ் பேசலாம், பள்ளிக்கூடத்தில் எப்போது திருப்பிச் சொல்ல வேண்டும், எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தார். இங்கிலீஷ் மார்க் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கோஆர்டினேட்டர் அம்மா உடனே போன் செய்தார். "எல்லாம் சரி சார், மார்க் எங்க?"

"அது வராது மேடம். தெரியாத பாஷைல போட்ட மார்க்கு அந்தக் குழந்தையோட மார்க்கு இல்லையாம்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த அம்மாவும் கெட்டவர் இல்லை, அன்று போனில் கேட்ட சத்தம் அவர் காதைவிட்டுப் போகவில்லைபோலும். தர்ஷினியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே சுமதி எனக்கு போன் செய்து, "அண்ணா, வாயே மூட மாட்டேங்கறா, இதுக்கு ஏதாச்சும் வைத்தியம் இருக்கான்னு மேடத்த கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

பிறகு எங்கள் கிளினிக்கை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. தினமும் இத்தனை ரிப்போர்ட் வந்தாக வேண்டும் என்றார்கள். மேடம், "கரெக்ட்" என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு, ஆனேக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் அறை எடுத்துப் போய்விட்டார். வரவேற்பறையில் நாற்காலிகள் நகராமல் இருந்தன. போன் அடித்தால் எடுக்க முடிந்தது. யாரும் என்னை ஆண்ட்டி என்று கூப்பிடவில்லை. இந்த நிம்மதி எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

போன மாதம் என் மகன் பூனாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மருமகள் மராத்திப் பெண். பேத்திக்கு மூன்றரை வயது, சரியாகப் பேசவில்லை, எங்கேயாவது காட்டுங்கள் என்று அவள் ப்ளே ஸ்கூலில் சொல்லிவிட்டார்களாம். பெங்களூரில் பெயர் பெற்ற ஒரு இடத்தில் போனிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டிருந்தான். காலையில் போனால் சாயங்காலம் மார்க்கோடு ரிப்போர்ட். மகன் அதைப் பெருமையாகச் சொன்னான். எனக்குப் பகீரென்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆனேக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன், மகன் பின்னாலேயே ஓடிவந்து ஏறினான். இந்தப் பெரிய ஊரில் என் பேத்தியை வேறு யார் முன்னாலும் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அங்க எவ்வளவு நாளாகும்பா?" என்றான்.

"ஆகட்டுமேடா" என்றேன்.